கொட்டில் கதவும் கோடை வெயிலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றவுடன் இயலும் இசையும் நாடகமும் கேட்டு மகிழலாம் என்று வந்திருப்பீர்கள். அவற்றில் வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வண்டிக் கொட்டிலின் கதவு. ‘கதவுக்கும் ஒரு சொற்பொழிவா?’ என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் அக்கதவின் பின்னே வண்டி மட்டுமா இருக்கிறது? இரவு முறையில் ஆலைக்குச் சென்று, விடிந்தபின் திரும்பி, பகலெல்லாம் உறங்க வேண்டிய இளைஞர் பலர் இன்று கார் ஷெட்டையும் ஷட்டர் போட்ட கடை அறையையும் வாடகைக்கு எடுத்தே வாழ்கின்றனர். அவர்களுடைய உறக்கமும் உடல்நலமும் ஒரு தகட்டுக் கதவைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே இதனைச் சிறு பொருள் என்று தள்ளுவதற்கில்லை.

நாம் வாழும் தடா எத்தகைய ஊர் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். சென்னையினின்று வடக்கே செல்லும் நெடுஞ்சாலையும் கூடூர் இருப்புப்பாதையும் இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றன. கிழக்கே பழவேற்காட்டு ஏரி; அதற்கப்பால் கடல். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகே 2008இல் தோன்றிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் நம்மில் பலரை இங்கு அழைத்து வந்தது. மாவட்டத்தின் பெயர் மாறலாம். மாநில எல்லை மாறலாம். கத்திரி வெயிலுக்கு மட்டும் எல்லை கிடையாது. 2015ஆம் ஆண்டு மே மாதத்து வெப்ப அலையில் ஆந்திர மாநிலத்தில் மட்டும் 1,000க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

வெயிலைத் தணிக்க நம் முன்னோர் அறிந்த வழி வெட்டிவேர்த் தட்டி. சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால் உள்ளே குளிர்ந்த காற்று வரும். வறண்ட உள்நாட்டில் இது மிக நன்று. ஆயின் ஏரிக்கும் கடலுக்கும் அண்மையிலுள்ள நம் ஊரில் காற்றே ஈரம் சுமந்து வருகிறது. ஈரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. தட்டியும் போதிய குளிர்ச்சி தருவதில்லை. நம் உடலின் வியர்வையும் உலர்வதில்லை. எனவே வெப்பம் உள்ளே வந்தபின் அதனோடு போராடுவதைக் காட்டிலும் வாயிலிலேயே தடுத்து நிறுத்துவது நமக்கு இன்றியமையாததாகிறது.

வெப்பத்தைத் தடுக்க இயலுமா என்று ஐயுறுவோர் சென்னைக் கடற்கரையிலுள்ள ‘ஐஸ் அவுஸ்’ என்னும் கட்டடத்தை நினைவு கூர்க. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் அக்கட்டடம், அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் என்பாரின் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுந்தது. பாஸ்டன் நகரப் பகுதியின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, மரத்தூள் முதலியவற்றால் பொதிந்து, நான்கு திங்கள் கடலில் செலுத்தி இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர். 1833இல் கல்கத்தாவுக்கு முதன்முதலாகப் புறப்பட்ட 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது! வெப்ப மண்டலக் கடலையே கடந்துவந்த அப்பனிக்கட்டியைக் காத்தது எந்தப் பொறி? வெறும் மரத்தூளும் அதனிடையே சிறைப்பட்ட காற்றுமே.

அசையாத காற்று வெப்பத்தை மிக மெல்லக் கடத்தும். மரத்தூள், வைக்கோல், பஞ்சு, தெர்மோகோல், பாலியூரித்தேன் நுரை ஆகிய யாவும் காற்றையோ வளியையோ நுண்ணறைகளில் அடைத்து வைப்பதனாலேயே வெப்பத்தைத் தடுக்கின்றன. இரும்போ இவற்றுக்கு நேர்மாறானது. ஒரு புறம் பட்ட வெயிலை உடனே மறுபுறம் கொண்டு சேர்க்கும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். மேற்கு நோக்கிய கொட்டிலொன்றின் கதவு 5 சதுர மீட்டர் என்று கொள்வோம். மாலை வெயிலும் அனற்காற்றும் சேர்ந்து கதவின் புறத்தே 60 பாகை செல்சியசுக்கு ஒப்பான வெப்பத்தை உண்டாக்குகின்றன. உள்ளே 35 பாகை என்க. வெறுந் தகடாயின், ஒரு சதுர மீட்டரில் ஒரு பாகை வேற்றுமைக்கு ஏறத்தாழ 6 வாட் வெப்பம் உட்புகும். ஆகவே மொத்தம் 750 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிகளில் பல 750 வாட் ஆற்றல் உடையவை. அதாவது, அக்கதவின் பின்னே உறங்குபவர் அருகில் இஸ்திரிப் பெட்டியொன்று அணையாமல் எரிந்து கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

அதே கதவை 40 மில்லிமீட்டர் நுரை இடையிட்ட இரட்டைத் தகட்டுக் கதவாக அமைத்தால் உட்புகுவது ஏறத்தாழ 70 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் சூடு. இடுக்குகளும் சட்டமும் சிறிது வெப்பத்தை விடும். ஆதலின் நடைமுறையில் பயன் சற்றுக் குறையும். எனினும் வேற்றுமை பெரிதேயாம்.

குளிரூட்டும் பொறி வைத்திருப்போர்க்கும் இக்கணக்கு உதவும். ‘ஒரு டன் ஏசி’ என்கிறோமே, அந்த டன் எதனைக் குறிக்கிறது? பொறியின் எடையை அன்று. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகி ஈர்க்கும் வெப்பத்தின் வேகத்தையே ஒரு டன் என்பர். அது ஏறக்குறைய 3,500 வாட். முற்கூறிய தகட்டுக் கதவு மட்டும் அதில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஸ்ரீசிட்டியில் 2023ஆம் ஆண்டு டைக்கின் நிறுவனம் குளிரூட்டும் பொறி செய்யும் தொழிற்சாலையைத் திறந்தது. நம்மவர் கைகள் செய்யும் பொறிகள் நாடெங்கும் செல்கின்றன. அப்பொறியை வாங்கும் வசதி இல்லாத வீட்டாரும், வாங்கிவிட்டு மின்கட்டணத்துக்கு அஞ்சுவோரும் முதலில் கதவைப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பல பகுதிகளாக மேலேறும் கொட்டில் கதவை அமெரிக்கரான சி. ஜி. ஜான்சன் 1921இல் அமைத்தார். 1926இல் அது மின்விசையாலும் இயங்கலாயிற்று. குளிர்நாட்டார் அறையின் வெம்மை வெளியேறாதிருக்க அதனுள் நுரை வைத்தனர். உள்ளிருக்கும் வெம்மையைக் காக்கும் அதே நுரை, வெளியிலிருக்கும் வெம்மையையும் தடுக்கும். இந்த உண்மை நம் ஆலைகளுக்குப் புதிதன்று. ஏறத்தாழ 30 பாகையைக் கடந்தாலே இளகத் தொடங்கும் சாக்லெட்டை, வெயில் கொளுத்தும் இந்நிலப்பகுதியிலேயே 2016 முதல் மாண்டலீஸ் நிறுவனம் செய்து வருகிறது. இறால் பதனிடும் இடங்களில் குளிர் அறைக்குக் கனத்த நுரைக் கதவு இட்டிருத்தலைக் கண்டிருப்பீர்கள். சாக்லெட்டுக்கும் இறாலுக்கும் செய்யும் காப்பை மனிதருக்குச் செய்யலாகாதா?

நிற்க. கதவு ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்து என்று கூற நாம் துணியோம். உச்சி வெயிலை முழுதும் ஏற்பது கூரை. கூரை தகரமாகவோ ஆஸ்பெஸ்டாஸாகவோ இருந்தால் முதற்செலவு கூரைக்கே ஆகட்டும். அகமதாபாத் நகரம் 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலைக்குப் பின் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. பின்னாளில் ஏழையர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சும் பூசியது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. கூரைக்கு அடுத்து வருவதே கதவு.

கதவு எத்திசை நோக்கியது என்பதும் கருதத் தக்கது. மேற்குக் கதவு மாலையில் கொதிக்கும். வடக்குக் கதவுக்கு இக்காப்பு அத்துணை வேண்டுவதன்று. கிழக்குக் கதவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரவு முறை முடித்துக் காலையில் கண்ணயர்வோர்க்கு அதுவே பெரும்பகை. அவர் படுக்கும் வேளையில்தான் ஞாயிறு அத்தகட்டை நேராகத் தாக்குகிறது.

இனி, செலவு குறைந்ததிலிருந்து செய்யத்தக்கவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, நிழல். கதவுக்கு வெளியே ஓர் அடி தள்ளிக் கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிடுங்கள். தகட்டில் வெயிலே படாவிடில் பாதித் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது, வெண்பூச்சு. கரும்பச்சையும் கருநீலமும் வெயிலைக் குடிக்கும். வெண்மை அதனைத் திருப்பும். முன் சொன்ன 750 வாட், நல்ல வெண்பூச்சினால் ஏறத்தாழ பாதியாகும். அழுக்குப் படிந்தால் பயன் குறையும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

மூன்றாவது, உட்காப்பு. மடக்குக் கதவாயின் உட்புறம் தெர்மோகோல் பலகை பொருத்தி, அதன்மேல் மெல்லிய தகட்டால் முழுதும் மூடுங்கள். சுருண்டு மேலேறும் ஷட்டரில் இவ்வாறு ஒட்ட இயலாது. அதற்கு உட்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கனத்த கோணித் திரையோ கோரைப்பாயோ தொங்கவிடலாம்.

நான்காவது, வசதியுள்ளோர் நுரை இடையிட்ட கதவையே வாங்குதல். வாங்குங்கால் நுரையின் கனத்தையும், ஓரங்களில் ரப்பர்ப் பட்டை உள்ளதா என்பதையும் கேட்டறிக.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தெர்மோகோலும் நுரையும் தீப்பற்றும் இயல்பின. அவற்றைத் திறந்தபடி விடுதலும், அருகே வெல்டிங் செய்தலும், அடுப்பு மூட்டுதலும் கூடா. மேலேறும் கதவில் புதிதாக எடை கூட்டினால் அதன் சுருள்வில்லைத் தொழில் அறிந்தவரே சரிசெய்ய வேண்டும். முறுக்கேறிய வில் தெறித்தால் உயிருக்கே இடர். இடுக்குகளை அடைத்த கொட்டிலில் வண்டியின் எஞ்சினை ஓடவிடலாகாது. அதன் நச்சுப்புகை மணமின்றிக் கொல்லும். இறுதியாக, வெப்பத்தைத் தடுக்கும் கதவு உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியே விடாது. ஆகவே மாலையில் கடற்காற்று வீசுங்கால் கதவைத் திறந்து விடுக. மேலே காற்றுப்போக்கியும் இருத்தல் வேண்டும்.

வண்டிக்கும் இதனால் நன்மை உண்டு. பேட்டரியின் ஆயுள், ஏறத்தாழ 10 பாகை வெப்பம் கூடுந்தோறும் பாதியாகக் குறையும் என்பது ஈயப் பேட்டரி பற்றிய பொது விதி. மின் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியும் வெப்பத்தில் விரைந்து மூப்படையும். எனினும் வண்டியைப் பின்னர் எண்ணுவோம். மனிதரை முன்னர் எண்ணுவோம்.

அன்பர்களே! கொட்டிலை வாடகைக்கு விட்டிருப்போர் நம்முள்ளும் உளர்; அதில் குடியிருப்போரும் நம்முள்ளே உளர். இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சங்கம் இது. வீட்டுக்குரியோர் கத்திரி பிறக்குமுன் ஒரு டின் வெள்ளைப் பெயின்டும் ஒரு தட்டியும் வாங்கித் தருதல் பெரும் செலவாகாது. இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கைகொடுத்தால் காலனியின் எல்லாக் கதவுகளையும் வெளுத்துவிடலாம். தூங்காத கண்ணோடு பொறியின் முன் நிற்கும் மகன் விரல் இழந்தபின் இரங்குவதனால் என்ன பயன்? வருமுன் காப்பதே அறிவுடைமை. அயலூரில் பிழைக்க வந்த நாம் ஒருவர்க்கொருவர் நிழலாவோம்.