கூகுளில் நம்ம கருவாடு: கத்துக்கலாமா, ஆள் வைக்கலாமா?



என்னைப் பேசச் சொன்ன விஷயம் எஸ்.இ.ஓ. தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேணாம். ஒருத்தர் போனை எடுத்து கூகுளில் "நெத்திலி கருவாடு" என்று தேடினால், வருகிற பட்டியலில் நம்ம பேர் மேலே தெரியறதுக்குச் செய்கிற வேலை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மாசம் 15,000 ரூபாய், ஒரு வருஷ ஒப்பந்தம், முதல் இடம் கேரண்டி. பாதிப் பேர் சரி என்றீர்கள். பாதிப் பேர் நாமே கத்துக்கலாம் என்றீர்கள். தீர்மான நோட்டில் இன்னும் எழுதவில்லை. எழுதறதுக்கு முன்னாடி நான் விசாரிச்சதைச் சொல்லிடறேன்.

முதல்ல அந்த கேரண்டி. இந்த வேலைக்கு ஆள் அமர்த்த நினைக்கிறவர்களுக்காக கூகுளே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அதில் இருக்கிறது. பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்றும் இருக்கிறது. காசு கட்டிப் போடுற விளம்பரம் வேற. அது "ஸ்பான்சர்டு"ன்னு தனியாத் தெரியும். விளம்பரத்துக்குப் பணம் கட்டினதால சாதாரணப் பட்டியல்ல நம்ம பேர் ஏறாது. ரெண்டையும் கலந்து பேசுறவங்ககிட்ட உஷாரா இருங்க.

அடுத்து கணக்கு. 100 கிராம் பாக்கெட்டுக்கு 30 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். 15,000 எடுக்க மாசம் 500 பாக்கெட் விக்கணும், அவருக்குக் கொடுக்க மட்டும். வெயில்ல நின்னு காய வைக்கிற நம்ம கைக்கு, அதுக்கு மேல வித்தாத்தான் காசு.

இந்த வேலையில் பெரும்பங்கு வார்த்தைதான். வாங்குறவங்க என்ன சொல்லித் தேடுவாங்க என்பது, விடியக்காலையில காசிமேட்டு ஏலத்துல நிக்கிற நமக்குத் தெரியற அளவு வேற யாருக்குத் தெரியும்? நாம எறா என்போம், சிலர் இறால் என்பாங்க, சூப்பர் மார்க்கெட்ல பிரான். திருவொற்றியூரை ஆங்கிலத்துல எழுதச் சொன்னா பத்துப் பேர் நாலு விதமா எழுதுவாங்க. "உப்பு கம்மியா இருக்குமா", "மண் இருக்குமா", "பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுறா கிடைக்குமா"ன்னு வாட்ஸ்அப்ல கேக்கிறாங்களே, அந்தக் கேள்வியும் நம்ம பதிலும்தான் வெப்சைட்டில் எழுத வேண்டியது. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்துக் கண்காட்சியில வாங்கினவங்க திரும்பத் தேடும்போது பாக்கெட்டுல இருக்கிற பேரைத்தான் போடுவாங்க. அங்க ஒரு பேர், போன்ல ஒரு பேர் இருந்தா எப்படிக் கிடைக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டைத் தேடுவாங்க. பலன் தெரிய குறைஞ்சது நாலு மாசம்னா, மார்கழியிலேயே எழுதி வெச்சாகணும். இந்தக் கணக்கு நம்ம தலையில இருக்கு, அந்தக் கம்பெனிக்காரர் தலையில இல்லை.

கூகுளில் தொழிலைப் பதிவு செய்ய ஒரு பைசா கிடையாது. வீட்டிலிருந்து செஞ்சு டெலிவரி கொடுக்கிறவங்க வீட்டு முகவரியை மறைச்சு, எந்தெந்த ஏரியாவுக்குக் கொடுப்போம்னு மட்டும் காட்டலாம். பெண்கள் இதைக் கண்டிப்பாத் தெரிஞ்சு வெச்சுக்கணும். எல்லாக் குழுவும் ஆளுக்கொரு நல்ல ரிவ்யூ போடலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க. ஆசை புரியுது. வாங்காதவங்க போடுறதும், தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்றதும் கூகுள் விதிக்கு விரோதம். மாட்டினா பதிவே போயிடலாம்.

ஆளே வேணாம்னு நான் சொல்லலை. வெப்சைட் போன்ல திறக்க நேரமாகுது, பணம் கட்டுற இடம் பாதியில நிக்குது, கூகுள் நம்ம பக்கத்தைப் படிக்கவே இல்லை என்றால் அதுக்குத் தெரிஞ்சவங்க வேணும். ஒயரிங் பண்ண எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுறோம், தினமும் சுவிட்ச் போட அவரையா கூப்பிடுறோம்? வேலைக்கு இவ்வளவுன்னு பேசி, எழுதி வாங்கிக்கிட்டுக் கொடுப்போம்.

ஆனா வெப்சைட் பேரும் பாஸ்வேர்டும் கூட்டமைப்புப் பேர்ல இருக்கணும். கூகுள் பதிவுல ஓனர், மேனேஜர்னு ரெண்டு பொறுப்பு உண்டு. வர்றவரை மேனேஜரா சேர்க்கலாம், வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம். பேங்க்ல கூட்டுக் கையெழுத்து இல்லாம ஒரு ரூபாய் எடுக்க விடறோமா? அதே மாதிரிதான்.

கத்துக்கிறதும் சும்மா வராது. ஒரே ஒரு பொண்ணை நம்பினா, அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போனதும் வேலை நின்னுடும். அதனால ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக்கு ஒருத்தரா மூணு பேர் கத்துக்கட்டும். கணக்கு எழுதுறவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி அவங்களுக்கும் மதிப்பூதியம் கொடுக்கணும். ஓசியில செய்யச் சொல்றது நியாயமில்லை.

பேர் கொடுக்க விரும்புறவங்க சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி செயலாளர்கிட்ட எழுதிக் கொடுங்க. கஸ்டமர்கள் வாட்ஸ்அப்ல கேட்ட கேள்விகளை அழிக்காம வெச்சிருங்க, முதல் வகுப்புக்கு அதுதான் பாடம்.