தாயின் மனசைக் காட்டுவது தாலாட்டே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ஏட்டை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

தாயின் மனசைச் சரியாகக் காட்டுவது ஏட்டுப் பாட்டா, தாலாட்டான்னு தலைப்பு. எதிரணித் தலைவர் புறநானூற்றோடு வந்தார். தன் வயிற்றைப் புலி தங்கிப் போன குகைக்கு ஒப்பிட்ட காவற்பெண்டைச் சொன்னார். அருமையான உவமை, மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தத் தாய் பெத்தது மகளா இருந்திருந்தா, அந்த வயிறு குகை ஆகியிருக்குமா? (கைதட்டல்)

அடுத்து வந்தவர் பிள்ளைத்தமிழைச் சொன்னார். பத்துப் பருவத்தில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூணு? ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் என்ன நடக்குது? பொண்ணுங்க மணல்வீடு கட்டுவாங்க. பையன் வந்து இடிப்பான். இடிக்காதேன்னு பொண்ணுங்க கெஞ்சணும். ரெண்டு வயசுக்குள்ளேயே குடும்ப வாழ்க்கைக்குப் பயிற்சி குடுத்துட்டாங்கய்யா! (சிரிப்பு)

இப்போ தாலாட்டுக்கு வாங்க. தொட்டில் எது? உத்தரத்தில் கட்டின பழைய சேலை. பாட்டில் அது பொன்னு, பவளம், முத்து! புலவர் இதை உயர்வு நவிற்சி அணி என்பார். நான் சொல்றேன், அது ஒரு ஏழைத் தாயின் ஏக்கம். இல்லாததை எல்லாம் பாட்டில் வாங்கிக் குடுக்கிறா.

அழுகிற குழந்தைகிட்டே யார் அடிச்சதுன்னு கேட்பா. மாமனா, அத்தையா, பாட்டியான்னு வரிசையா உறவைச் சொல்லுவா. குழந்தை பதில் சொல்லுமா? சொல்லாது. கேள்வி குழந்தைக்கு இல்லைங்க, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியாருக்கு! (சிரிப்பு) நேரா சொன்னா சண்டை. குழந்தை காதில் சொன்னா தாலாட்டு. வாய் திறக்க முடியாதவ கண்டுபிடிச்ச உத்தி அது.

அந்தப் பாட்டில் தாய்மாமன் வருவான். காப்பு, கொலுசு, பட்டுன்னு சீர் கொண்டு வருவான். ஏன் அண்ணனையே பாடுறா? பிறந்த வீட்டு நிலத்தில் அவளுக்குப் பங்கு இல்லை. கேட்டு வாங்கச் சட்டம் இல்லை. பாட்டில் கேட்டா. தமிழ்நாட்டில் 1989-இல்தான் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை மகளுக்கும் வந்தது. அதுவும் அன்றைக்கு மணமாகாத மகளுக்கு மட்டும். மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தத் தடை நீங்க 2005 ஆச்சு. சட்டமன்றம் போட வேண்டிய தீர்மானத்தை, நம்ம பாட்டிகள் தூளியை ஆட்டிக்கிட்டே போட்டுட்டாங்க! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! பிள்ளைத்தமிழில் ஆண் புலவர் தாயாக மாறிப் பாடினார், அது கற்பனை. தாலாட்டில் தாய் தாயாகவே பாடினா, அது வாழ்க்கை. ஏடு தாய்மையைப் புகழ்ந்தது. தாலாட்டுத்தான் அந்தத் தாய்க்கு என்ன குறைன்னு சொன்னது. அண்ணன் தம்பிமார்களே, உங்க சகோதரி பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுறான்னு நினைக்காதீங்க. உங்களை எழுப்பப் பாடுறா! எனவே, தாயின் மனசைச் சரியாகக் காட்டுவது தாலாட்டே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.