மூன்று தீவுகளும் ஒரு பகலும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் வாழ்த்துரைகள் பலவும் வழங்கப்பெற்றன. அவற்றோடு இன்னுமொரு வாழ்த்தைச் சேர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. கடலைப் பாடும் கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆதலின், கடலில் கழிந்த ஒரு பகலைப் பற்றி இங்குப் பேசுவது பொருந்தும். சிங்கப்பூரின் தென்கடலிலுள்ள மூன்று தீவுகளுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் அறியாத சிலர் ஒரே படகில் சென்று திரும்பிய கதை அது.

மரினா சவுத் படகுத்துறையிலிருந்து காலை ஒன்பது மணியளவில் படகு புறப்பட்டது. ஊதுவத்திக் கட்டும் ஆரஞ்சுப் பழங்களும் கொண்ட பையுடன் இரு சீன மூதாட்டியர். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்ப் பெண்மணியும் அவர் மகனும். வார விடுமுறையைக் கழிக்க வந்த, புதுக்கோட்டைப் பக்கத்துக் கட்டுமானத் தொழிலாளர் நால்வர். குறிப்பேடும் கையுமாக ஓர் இளங்கவிஞர். எண்பத்திரண்டு வயதான ஒரு தமிழ்ப் பெரியவர், அவருடைய கல்லூரிப் பேத்தி. இவர்களே அப்படகில் முன்வரிசைகளில் அமர்ந்திருந்தவர்கள்.

துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்களுக்கிடையே படகு நெளிந்து சென்றது. கவிஞர் எழுதத் தொடங்கினார். நீலம், நுரை, வானம், தென்னை என்று சொற்கள் வந்து விழுந்தன. பெரியவரோ கடலைப் பார்க்கவில்லை. முழங்கால்மீது இரு கைகளையும் ஊன்றி, எதிரே வளர்ந்து வந்த பசுமையான குன்றையே பார்த்திருந்தார். அது செயின்ட் ஜான்ஸ் தீவு.

சிங்கப்பூரின் பெருநிலத்திற்குத் தெற்கே ஆறரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவிற்கு மலாய் மொழியில் புலாவ் சக்கிஜாங் பெண்டேரா என்பது பெயர். 'சக்கிஜாங்' என்று மீனவர் சொன்னதை ஆங்கிலேயர் 'செயின்ட் ஜான்' என்று செவிமடுத்தனர் என்பர். மானின் பெயர் புனிதரின் பெயராயிற்று. 1819 சனவரி 28ஆம் நாள் இராஃபிள்சின் கப்பல்கள் நங்கூரமிட்டது இத்தீவின் அருகிலேதான். சிங்கப்பூரின் புதிய வரலாறு தொடங்கிய வாயில் என்று இதனைக் கூறலாம். ஆயினும் பின்னாளில் இது பல்லாயிரவர்க்கு அடைத்த வாயிலாகவும் விளங்கிற்று.

1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1874இல் இத்தீவில் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் அமைந்தது. சுவாத்தோவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனரை ஏற்றிவந்த கப்பலே அதன் முதல் வரவு. அதன்பின் சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோரும், மக்காவுக்குச் சென்று மீண்ட பயணிகளும் இங்கு இறக்கப்பட்டனர். 1930களில் உலகின் பெரிய தடுப்பு நிலையங்களுள் ஒன்றாக இது பேசப்பட்டது. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால், இறங்கவேண்டியவர்கள் பெரும்பாலும் தளப் பயணிகளே. குளிக்கவைப்பர், துணிகளை நீராவியில் இட்டுத் தூய்மை செய்வர், நாட்கணக்கில் நிறுத்திவைப்பர். எதிரே நகரத்தின் விளக்குகள் தெரியும், போக முடியாது.

நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த 'ரஜுலா' கப்பலை இவ்வவை அறியும். 1926இல் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய கப்பல் அது. அதில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்குப் பலர் இருக்கக்கூடும். கப்பலைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் உண்டு. இடையில் நின்ற தீவைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அப்பெரியவர் விடை வைத்திருந்தார்.

படகு கரை சேர்ந்தது. இறங்கியதும் பேத்தி, "தாத்தா, மெதுவாக வாருங்கள். இந்த இடம் உங்களுக்குப் புதியது" என்றாள்.

"புதியது இல்லை, அம்மா. பன்னிரண்டு நாள் இங்கே இருந்திருக்கிறேன்" என்றார் அவர்.

பேத்தி திகைத்தாள். 1950இல் தன் தந்தையைத் தேடி, தாயின் கைபிடித்து ஏழு வயதுச் சிறுவனாகக் கப்பலேறிய கதையை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். அக்கதையில் கப்பல் நேரே துறைமுகம் சேரும்; தந்தை மாலையும் கையுமாக நிற்பார். இடையில் தீவென்று ஒன்று கிடையாது.

மரநிழலில் அமர்ந்து பெரியவர் சொன்னதன் சாரம் வருமாறு. கப்பலில் யாருக்கோ அம்மை கண்டது. எல்லாரையும் இங்கே இறக்கினார்கள். தாயின் பெட்டியில் இருந்த ஒரே பட்டுச் சேலை, மணநாள் கூறைச் சேலை, நீராவிக் கூண்டிற்குள் சென்று, சாயம் கலங்கி, சுருங்கி வெளிவந்தது. கணவன் முன் அதை உடுத்தி இறங்க எண்ணியிருந்தவர் அவர். அன்றிரவு அழுதார். மறுநாள் மகனை அழைத்து, "இங்கே இருந்ததை யாரிடமும் சொல்லாதே. நோய்க்காரக் குடும்பம் என்பார்கள். நாளைக்கு உன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்றார். தங்கை அப்போது பிறக்கவேயில்லை.

அச்சொல்லை மகன் எழுபத்தைந்து ஆண்டுகள் காத்தார். தாய் மறைந்த பின்னும் காத்தார். அந்தத் தங்கை மணமுடித்துப் பெயரன் பெயர்த்தி எடுத்த பின்னும் காத்தார்.

இந்த இடத்தில் அவையோர் ஒன்றைக் கருதவேண்டும். வரலாறு அழிவது, ஆவணம் எரிவதால் மட்டுமன்று. தாய் பிள்ளையின் வாயைப் பொத்துவதாலும் அழிகிறது. அத்தாயைக் குறை கூற இயலுமா? இயலாது. அவர் காத்தது பிள்ளைகளின் வாழ்வை. அதற்கு அவர் கொடுத்த விலை தம் நினைவு.

பெரியவர் பேசியதை மலாய்ப் பெண்மணி கவனித்திருந்தார். மொழி விளங்கவில்லை, விரல் சுட்டிய திசை விளங்கிற்று. அருகில் வந்து மலாய் மொழியில், "பாக்சிக், அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வீடு இருந்தது" என்றார். அவர் அத்தீவில் பிறந்தவர். அங்குள்ள பள்ளியில் படித்தவர். 1970களில் தென்தீவுகளின் குடிகள் பெருநிலத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியமர்த்தப்பட்டபோது அவர் குடும்பமும் வெளியேறிற்று. ஆண்டுக்கொரு முறையேனும் மகனை அழைத்துக்கொண்டு வந்து, இல்லாத வீட்டின் வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்.

ஒருவர்க்குச் சிறை, ஒருவர்க்குப் பிறந்தகம். இரண்டும் ஒரே மண். "உங்களுக்கு அழுகை வந்த இடமா?" என்று அப்பெண்மணி கேட்டார். "ஆமாம், மக்சிக்" என்றார் பெரியவர். "எனக்கு இங்கிருந்து போகும்போது வந்தது" என்றார் அவர். இதற்குமேல் இருவரும் பேசவில்லை. கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தை அவர் பெரியவரிடம் நீட்டினார்.

அத்தீவின் கதை நோயோடு முடியவில்லை. 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தபின் அரசியல் கைதிகள் இங்கு அடைக்கப்பட்டனர். பின்னாளில், 1981இல், சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1951இல் இங்குக் காவலில் இருந்தவர். 1955இல் அபினுக்கு அடிமையானோர்க்கு மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1975இல் தீவு பொழுதுபோக்கிடமாக மாறிற்று. இன்று கடல் ஆய்வுக்கூடம் ஒன்று அங்கு இயங்குகிறது. பூனைகள் வெயில் காய்கின்றன.

நண்பகலில் அனைவரும் தரைப்பாலத்தைக் கடந்து லாசரஸ் தீவிற்கு நடந்தனர். பிறைவடிவக் கடற்கரை, வெண்மணல், கரையோரம் செல்வர்களின் பாய்மரக் கலங்கள். படத்தில் அச்சிட வேண்டிய அழகு. முன்னாளில் தடுப்பு நிலையத்தில் இறந்தோரைப் புதைக்க இத்தீவு பயன்பட்டது. பெரியவர் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தார். காரணம் யாரும் கேட்கவில்லை.

புதுக்கோட்டை இளைஞர்கள் கடலில் குளித்துவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தனர். பெரியவரையும் பேத்தியையும் கவிஞரையும் அழைத்து உட்காரவைத்தனர். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கை மாறின. பேச்சு மீண்டும் தீவைச் சுற்றி வந்தது. அவர்களுள் ஒருவர் தயங்கியவாறே, "ஐயா, எங்களையும் வைத்திருந்தார்கள். 2020இல்" என்றார்.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில் தொடங்கி, சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள் பல தனிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. விடுதிகளில் வாழ்ந்தோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மாதக்கணக்கில் அறைக்குள் இருந்ததை அவ்விளைஞர் சில சொற்களில் சொன்னார். ஊருக்கு நாள்தோறும் தொலைபேசியில் பேசினார். "நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலை குறைவு, ஓய்வாக இருக்கிறேன்" என்பார். தமக்கு நோய் கண்டதைத் தாயிடம் சொல்லவில்லை. "இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வா என்பார்கள். தங்கை கல்யாணக் கடன் இருந்தது" என்றார்.

பெரியவர் சோற்றுக்கையோடு அவ்விளைஞரையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, ஊருக்குப் போனால் அம்மாவிடம் சொல்லிவிடு. கடன் அடைந்த பிறகாவது சொல்லிவிடு. நான் சொல்லாமல் விட்டேன். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்" என்றார்.

அப்பகலின் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் அதுவே. முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் இரு தமிழர்கள். ஒருவர் கப்பலில் வந்தார். மற்றவர் வானூர்தியில் நான்கு மணி நேரத்தில் வந்தார். இருவரும் தாயின்பொருட்டே வாய் மூடினர்.

பிற்பகலில் படகு கூசு தீவை அடைந்தது. சீன மூதாட்டியர் தாபோகோங் கோயிலில் ஊதுவத்தி ஏற்றினர். 1923இல் எழுந்த கோயில் அது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் திங்களில் பெருங்கூட்டம் அங்குக் கூடும். குன்றின்மேல் 152 படிகள் ஏறினால் மலாய் இறையடியார்களின் அடக்கத்தலங்கள். 2022 ஏப்ரலில் ஏற்பட்ட தீயில் அவை பெருஞ்சேதம் உற்றன. கலம் உடைந்து தத்தளித்த ஒரு சீனரையும் ஒரு மலாய்க்காரரையும் காப்பாற்ற ஓர் ஆமை தன்னையே தீவாக்கிக்கொண்டது என்பது தலபுராணம். 'கூசு' என்றால் ஆமை.

பேத்தி அக்கதையைப் பெரியவர்க்குச் சொன்னாள். "நம் ஆள் அதில் இல்லையா, தாத்தா?" என்று கேட்டாள். "நாம் வேறு தீவில் இருந்தோம், அம்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

அவையோரே, புராணத்தில் நமக்கு இடமில்லை என்பதற்காக வருந்தவேண்டியதில்லை. ஆமையின் முதுகில் மூன்றாமவனாக ஒரு தமிழனை ஏற்றிப் பொய்க்கதை புனையவும் வேண்டியதில்லை. நமக்கு உண்மைக் கதை இருக்கிறது. சுருங்கிய கூறைச் சேலை இருக்கிறது. அதைப் பாடினோமா என்பதே வினா.

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என வகுத்தது நம் மரபு. கடலை வெறும் காட்சியாக நம் முன்னோர் வைத்திலர். கரையில் காத்திருப்பவரின் துயரத்தோடு சேர்த்தே வைத்தனர். அந்த இலக்கணத்தை மனப்பாடம் செய்த நாம், கண்ணெதிரே ஒரு தீவில் நம் தாய்மார் காத்திருந்ததை மறந்து, நீலத்தையும் நுரையையும் பாடுகிறோம். அழகைப் பாடுவது குற்றமன்று. லாசரஸ் கடற்கரை அழகியதே. ஆனால் மணலுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து பாடும் பாட்டுக்கும் தெரியாது பாடும் பாட்டுக்கும் வேறுபாடு உண்டு.

மாலையில் படகு திரும்பியது. இளங்கவிஞர் காலையில் எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதைத் திருப்பிவிட்டு, வெற்றுப் பக்கத்தில், பெரியவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். சேலையின் நிறம் என்ன? அரக்கு. கரை? பச்சை. அம்மாவின் பெயர்? பெரியவர் சொன்னார். பேத்தி அப்பெயரைத் தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பத்தாண்டுகள் கவிதை வளர்த்த இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது. அடுத்த பத்தாண்டுகளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள ஒரு முதியவரிடம், வந்த வழியில் எங்கே நின்றீர்கள் என்று கேட்கட்டும். இளைய தொழிலாளர் ஒருவரிடமும் அதையே கேட்கட்டும். கவிதை பிறகு வரும், வராவிட்டாலும் தாழ்வில்லை. கேட்டு எழுதிய பக்கம் நிற்கும்.