காலில் சத்திரசிகிச்சை: நாள் குறித்த பிறகு

(பளை தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேங்காய் மட்டை கிழித்தது, மலையகத்தில் என்றால் கவ்வாத்துக் கத்தி பட்டது என்று, முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு இல்லாத தோட்டத் தொழிலாளி குறைவு. தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்காக ஆறாத புண்ணிலும் தோல் புற்றுநோய் வரலாம். இத்தகைய புண்களை 1828இல் மார்ஜோலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். மூன்று மாதமாகியும் ஆறாமல், ஓரம் தடித்து, தொட்டால் இரத்தம் கசிகிறதா? பச்சிலை கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்தது அது. அரசாங்க வைத்தியசாலை, காசு கேட்கமாட்டார்கள்.

நான் பேச வந்தது வெட்டுவதற்கு முந்திய வாரங்களைப் பற்றி. கணுக்காலுக்கு மேலே தோல் எலும்போடு இறுகிக் கிடக்கிறது. இழுத்துத் தைக்க இடமிராது. பல வேளை தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். வீங்கிய காலில் தையல் பிரியும், ஒட்டிய தோல் பிடிக்காது, சீழ் வைக்கும்.

ஆகவே காலை உயர்த்தி வைத்து வீக்கத்தை முன்பே வற்றவிட வேண்டும். இறுக்கிக் கட்டும் பான்டேஜ், பாதத்துக்கு இரத்தம் ஓடுகிறதா என்று வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டும். ஓட்டம் குறைந்த காலை அது கெடுத்துவிடும். சீனி வருத்தக்காரர் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணையும் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிளேடால் மயிர் வழிக்க வேண்டாம், கீறலில் கிருமி புகும். சோப் போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள்.

சுமார் நான்கு வாரம் முன்பே புகைப்பதை விட்டவர்களுக்குச் சிக்கல் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. பெண்கள் ஆண்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான், இரத்தக் குழாயைச் சுருக்குவது.

“காலை உயர்த்தி வை” என்று வைத்தியர் சொல்வார். நாட்சம்பளக்காரர் எப்படி வைப்பது? முதல்நாள் மாலைவரை மரத்தடியில் நின்றுவிட்டுத்தானே பஸ் ஏறுகிறோம்! லீவு என்றால் வெட்டிய பிறகு என்றே நாமும் பேசிப் பழகிவிட்டோம். முன்னுள்ள ஓய்வும் சிகிச்சைதான். அதைச் சம்பளத்தோடு கேட்க வேண்டும். குறைந்தது காலை நீட்டி உட்கார்ந்து செய்யும் வேலையாவது தரவேண்டும். எத்தனை நாள் நிற்கக் கூடாது என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் துண்டை அன்றே தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். துரைக்கான கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.