மரத்துக்குள்ளே ஒரு மணம்

(பட்டிமன்றத் தலைப்பு: நம் உணவுக்குச் சுவையும் மணமும் சேர்ப்பது பெரிதும் இயற்கையே! அறிவியலே! இடம்: நெமிலி. 'அறிவியலே' என்ற அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பேசி முடித்த களைப்பில், ஐஸ்கிரீம் எப்போது வரும் என்று மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி அறிஞர் பெருமக்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னாங்க? "வெனிலா என்பது கொடியில் காய்க்கிற காய். அந்த மணம் இயற்கை தந்த வரம். உங்க அறிவியல் அதைப் பார்த்துப் போலி செஞ்சு புட்டியில அடைச்சு விக்குது" என்றார்கள். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். பேச்சு நல்லாத்தான் இருந்தது. கணக்குதான் கொஞ்சம் இடிக்குது.

ஐயா, உலகத்தில் ஐஸ்கிரீம், கேக், பிஸ்கட் இவற்றிலெல்லாம் சேர்கிற வெனிலா மணத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அந்தக் காயிலிருந்து வருவதில்லை. மிச்சம் எங்கிருந்து வருது? பெரும்பகுதி, பெட்ரோலியத்திலிருந்து பிரித்த ஒரு பொருளிலிருந்து வருகிறது. உடனே தாய்மார்கள் முகம் சுளிக்கிறாங்க. "இனிமே பிள்ளைக்கு ஐஸ்கிரீமே கிடையாது" என்று அங்கே ஒரு அம்மா முடிவே பண்ணிட்டாங்க. (சிரிப்பு) இருங்கம்மா, அவசரப்படாதீங்க. இன்னொரு பங்கு இருக்கு. அது மரத்திலிருந்து வருது. நான் பேச வந்ததே அந்த மரத்தைப் பற்றித்தான்.

அதுக்கு முன்னால் சகோதரி சொன்ன பூவுக்கு ஒரு வார்த்தை. வெனிலா மெக்சிகோ நாட்டுக் கொடி. அதை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி படர்ந்தது, பூ பூத்தது, காய் மட்டும் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்க அங்கே ஆளில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியை வைத்துக்கொண்டு விரலால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் பூவுக்குப் பூ அந்த வழிதான். அந்தப் பிள்ளையோ பின்னாளில் வறுமையிலேயே இறந்துபோனான். இயற்கை பூவைத்தான் கொடுத்தது. காயைக் கொடுத்தது ஒரு சிறுவனின் அறிவு. (கைதட்டல்)

இப்போ மரத்துக்கு வருவோம். ஒரு மரத்தைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் எது? நார். காகிதம் ஆகிறது அதுதான். செங்கல்லைப் பிடித்து வைத்திருக்கிற காரை எது? அதற்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அது. காகித ஆலைக்காரனுக்குச் செங்கல் போதும், காரை வேண்டாம். மருந்து போட்டு வேகவைத்துக் காரையைக் கரைத்து ஊற்றிவிடுவான். எங்கே ஊற்றுவான்? ஆற்றிலேதான்! பல நாடுகளில் ஆறு கறுத்துப்போன கதை இதுதான்.

வேண்டாம் என்று கொட்டிய அந்தக் காரைக்குள்ளேதான் ஐயா, வெனிலா ஒளிந்துகொண்டிருந்தது!

1858இல் வெனிலாக் காயிலிருந்து அந்த மணப்பொருளைத் தனியே பிரித்தார்கள். வெனிலின் என்று பெயர் வைத்தார்கள். 1874இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இரண்டு பேர், ஊசியிலை மரங்களின் பட்டைக்கு அடியில் ஊறுகிற சாற்றிலிருந்தே வெனிலினை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆக, மனிதன் செய்த முதல் வெனிலினே மரத்துச் சரக்குதான். பிறகு 1930களில் வட அமெரிக்காவில் காகித ஆலைக் கழிவிலிருந்தே எடுக்க ஆரம்பித்தார்கள். நார்வே நாட்டில் சார்ப்ஸ்போர்க் என்ற ஊரில் போரெகார்ட் என்ற ஆலை, ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து 1962 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு டன் மரத்தில் நாருக்கு 400 கிலோ, லிக்னின் 400 கிலோ, எரிசாராயம் 50 கிலோ, கடைசியில் வெனிலின் 3 கிலோ. வெறும் 3 கிலோதானா என்று கேட்காதீங்க. கல்யாண வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் எவ்வளவு போடுவீங்க? படிக்கணக்கிலா போடுவீங்க? (சிரிப்பு)

"சரி, எப்படிச் செய்தாலும் போலி போலிதானே?" என்று எதிரணித் தலைவர் கேட்பார். காயில் இருக்கிற வெனிலினும் மரத்தில் எடுத்த வெனிலினும் அணுவுக்கு அணு ஒன்றே. காயில் இன்னும் இருநூறுக்கு மேற்பட்ட மணப்பொருள்கள் கூட இருக்கின்றன. அந்த நிறைவு காய்க்கே உரியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மரத்தில் பிறந்தது என்பதற்காக அதைப் போலி என்று தள்ளலாமா?

நான் தமிழ் வாத்தியார். பழைய நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் லேசாக ஓர் இனிய வாசம் வரும். பழைய தாளில் மிச்சமிருக்கிற லிக்னின் சிதைந்து வெளியே வருகிற மணத்தில் வெனிலினும் ஒன்று. எதிரணி நண்பர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சகோதரி நன்னாரி சர்பத்தைப் பற்றி உருகி உருகிச் சொன்னாங்க. அந்த நன்னாரி வேரின் மணப்பொருளும் வெனிலினும் ஒரே எண்ணிக்கையிலான அணுக்களால் ஆனவை. உட்கார்ந்திருக்கிற இடம்தான் மாறியிருக்கு. வெனிலின் வெளிநாட்டுக்காரன் என்று நினைத்தோம். அவன் நம்ம நன்னாரிக்குப் பெரியப்பா பிள்ளை. இந்த உறவைச் சொன்னது யாரு? அறிவியல்!

இன்னொருவர், "வெனிலா விவசாயி வயித்தில் அறிவியல் அடிச்சுடுச்சு" என்றார். 2000இல் மடகாஸ்கரில் புயல் அடித்தது. காய் விலை ஏறியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம் நீலகிரிப் பக்கத்திலும் ஆசையோடு கொடி நட்டார்கள். 2003 வாக்கில் உச்சிக்குப் போன விலை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தரை தட்டியது. எங்கோ அடிக்கும் புயலை நம்பியா நம்ம ஆள் பிழைக்கணும்? காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணியில் நெல் விளைகிற சீமை இது. நெல்லுத் தவிட்டில் ஃபெரூலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கொடுத்து வெனிலின் எடுக்கிறார்கள். மாட்டுக்கு வைக்கிற தவிட்டிலும் மணம் இருக்கு என்று விவசாயிக்குச் சொல்வதும் அறிவியல்தான். (கைதட்டல்)

பெருமக்களே, இதுவரை சிரித்தோம். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற சேதி இல்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோல்ஷாப்பு ஊர்கள். ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டோம். அதுவும் மரம் தந்த சரக்குதான். பிறகு குரோமியம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, கழிவு பாலாற்றுக்குப் போனது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலே, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ்பட்டது என்று பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே செலவைக் கொடுக்கணும் என்றார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

"பார்த்தீங்களா, இதுதான் உங்க அறிவியல் லட்சணம்!" என்று எதிரணி குதிக்கும். குதிக்கட்டும். நானே ஒரு சான்று எடுத்துத் தருகிறேன். கனடாவில் தோரால்ட் என்ற ஊர். 1981இல் உலக வெனிலினில் 60 சதவீதத்தை அங்கிருந்த ஒரே காகித ஆலை கொடுத்தது. ஆனால் 1 கிலோ வெனிலின் எடுக்க 160 கிலோவுக்கு மேல் காரக் கழிவு வந்தது. சில வருஷத்தில் உற்பத்தியே நின்றுபோனது. நார்வே ஆலை ஏன் நிற்கிறது? நாரையும் விற்கிறான், லிக்னினையும் விற்கிறான், சாராயத்தையும் விற்கிறான், வெனிலினையும் விற்கிறான். எண்ணெயிலிருந்து எடுக்கிற வெனிலினைவிடக் கரிப்புகை ஏறத்தாழ 90 சதவீதம் குறைவு என்று அந்த நிறுவனம் கணக்குக் காட்டுகிறது.

ஐயா, பாதி வழியில் நின்றுவிட்ட அறிவு ஆற்றுக்கு நஞ்சாகிறது. கடைசி வரைக்கும் போன அறிவு குழந்தை கையில் ஐஸ்கிரீமாகிறது. பாலாற்றைக் கெடுத்தது அறிவியல் இல்லை. "எனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டேன், மிச்சம் எக்கேடோ கெடட்டும்" என்ற நினைப்பு கெடுத்தது. கழிவுநீரைத் திறந்துவிடப் போகிற கையைப் பிடித்து, "இரு, இதுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்த்தியா?" என்று கேட்கிற கேள்விக்குப் பெயர்தான் அறிவியல். அந்தக் கேள்வியை இந்த ஆற்றங்கரையில் நம்ம பிள்ளைகள் கேட்க வேண்டாமா? அதைக் கேட்கிற படிப்பை நாம் கொடுக்க வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். மணத்தை மரத்துக்குள்ளே வைத்தது இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் அது அங்கேயேதான் கிடந்தது. அதை எடுத்து நம் வீட்டுக் கிண்ணத்தில் வைத்தது அறிவியல். ஆகவே சுவையும் மணமும் சேர்ப்பது பெரிதும் அறிவியலே, அறிவியலே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.