அப்பளம் சம்பாதித்த நல்ல பெயர்

ஒரு பொருளுக்கு நல்ல பெயர் விளம்பரத்தால் மட்டும் வந்துவிடுமா?

1959 மார்ச் 15. மும்பை கிர்காவ் பகுதியில், ஒரே குடியிருப்பில் வசித்த ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். அன்றைக்குத் தேறியது நான்கே பாக்கெட். தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்தார்கள். லிஜ்ஜத் அப்பளம் பிறந்த கதை இதுதான்.

நஷ்டமே வந்தாலும் நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். காலையில் அமைப்பின் கிளைக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிப் போவார்கள். வீட்டில் தேய்த்து, உலர்த்தி, மறுநாள் எடைபோட்டுக் கொடுத்துக் கூலி பெறுவார்கள். வீட்டில் சுத்தமும் இடவசதியும் இருக்கிறதா என்று அமைப்பினர் நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. இங்கே முதலாளி, தொழிலாளி கிடையாது. சேரும் ஒவ்வொரு பெண்ணும் பங்குதாரர். லாப நஷ்டம் எல்லோருக்கும் பொது.

இன்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வாழ்வாதாரம். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தெரிந்த கடைக்காரர், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று அருகிலிருந்தே வளர்ந்த நல்ல பெயர் இது. தொழில் தொடங்க நினைக்கும் நேயர்களே, முதலில் உங்கள் தெருவின் நம்பிக்கையைச் சம்பாதியுங்கள். அதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.