கூரைக்காக ஓர் ஓட்டம்

(ஜெயமங்கலத்தில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில், தேனியில் புறப்பட்டுச் சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போய்ச் சேரும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டன் மாரத்தான் போன்ற ஓட்டங்களில் பலர் பதக்கத்துக்காக ஓடுவதில்லை. அகதிகளுக்கு வீடு தேடித் தருவது போன்ற ஓர் அறப்பணியைச் சொல்லி, நண்பர்களிடமும் உறவினர்களிடமும் நிதி திரட்டி ஓடுகிறார்கள். நம் சென்னையில் 2023 ஆகஸ்டில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 73,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டணத் தொகை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் உடனிருப்போர் தங்கும் விடுதிக்குத் தரப்பட்டது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பல முகாம்களில் பத்தடிக்குப் பத்தடி அறையில்தான் சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் நடந்தன. வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் முன், எழுத இடம் இருந்ததா என்று நாம் யோசிக்க வேண்டும்.

முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் அப்போதுதான் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. சுவரும் கூரையும் அரசு தருகிறது. உள்ளே ஒரு படிப்பு மேசை, ஒரு விளக்கு, ஒரு புத்தக அலமாரி வாங்கித் தர நம்மால் முடியும். அதற்கு ஓர் ஓட்டம் நடத்தலாம். பெரியவர்கள் பத்துக் கிலோமீட்டர், பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் ஓடினால் போதும்.

நடத்தும்போது மூன்றை மறக்க வேண்டாம். முதலாவது, என்ன தேவை என்று முகாம் பெற்றோரிடமே கேளுங்கள். இரண்டாவது, வந்த பணம், செலவான பணம் இரண்டையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசியுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. முகாம் பிள்ளையை மேடையேற்றிப் பொருளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். மறுநாளும் அந்தப் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

அவர்களையும் ஓட அழையுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அகதிகள் அணி களம் இறங்கியது. பத்துப் பேர் கொண்ட அந்த அணியில் இருந்தவர் எத்தியோப்பியாவில் பிறந்த யோனாஸ் கிண்டே. மாரத்தானை 2 மணி 24 நிமிடத்தில் ஓடி முடித்தார். அகதி என்றால் உதவி வாங்குபவர் மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.